குழந்தையின் முதல் காற்றுத் துப்பாக்கி யாருடையது?

எட்டு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: என்ன விலை, எவ்வளவு தூரம் போகும், லைசென்ஸ் வேண்டுமா. மூன்றாவது கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற விடை வந்ததும் மற்றக் கவலைகளும் தாமாக ஓய்ந்துவிடுகின்றன. உரிமம் கேட்காத பொருள் விளையாட்டுப் பொருள்தான் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு இந்த மனநிலையைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அத்தெருவில், மளிகைக்கும் பாத்திரத்துக்கும் பூவுக்கும் இடையே பிளாஸ்டிக் துப்பாக்கிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தமிழ் வணிகர்களும் தமிழ்க் குடும்பங்களும் தலைமுறைகளாகப் புழங்கும் தெரு என்பதால் தீபாவளிக் காலத்தில் அங்கே கேப் துப்பாக்கிக்குக் குறைவிருக்காது. முதலில் தண்ணீர் பீச்சும் துப்பாக்கி, அடுத்து கேப் வெடிக்கும் துப்பாக்கி, வளர்ந்ததும் ‘உண்மையாகவே சுடும்’ துப்பாக்கி என்று ஒரு படிவரிசையை நடுத்தரக் குடும்பங்கள் மனத்தில் கட்டி வைத்திருக்கின்றன. அந்தப் படிவரிசை பொய்யானது. கேப் துப்பாக்கியின் குழாயிலிருந்து புகையைத் தவிர எதுவும் வெளியே வருவதில்லை. காற்றுத் துப்பாக்கியின் குழாயிலிருந்து அரை கிராம் ஈயம் நொடிக்கு நூற்றைம்பது மீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்படுகிறது. இரண்டையும் ஒரே கொடியில் தொங்கவிடும் மனம்தான் இங்கே கண்டிக்கத்தக்கது. ஒரு குழந்தையின் முதல் காற்றுத் துப்பாக்கி அக்குழந்தைக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது. அது வீட்டிலும் இருக்கக் கூடாது. எந்த மாதிரி, எந்த நிறுவனம் என்ற ஆராய்ச்சியெல்லாம் இதை ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

‘லைசென்ஸ் வேண்டாம்’ என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் வாய்முனை ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளை உரிமத் தேவையிலிருந்து விலக்கியிருக்கின்றன. இந்த 20 என்ற எண் எவ்வளவு பெரியது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் காற்று ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டை, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூலைத் தாண்டினால், அதை வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் வயது வந்தோர் உரிமமின்றி வாங்கத்தக்க காற்றுத் துப்பாக்கிக்கு எல்லை 7.5 ஜூல். சர்வதேசப் போட்டிகளில் பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுடும் ரைஃபிளும் ஏறத்தாழ அந்த அளவு ஆற்றலைத்தான் தருகிறது. அரை கிராம் குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் சென்றால் கணக்கு ஏறத்தாழ 7.7 ஜூலுக்கு வந்து நிற்கும். ஒலிம்பிக் பதக்கத்துக்குப் போதுமான ஆற்றலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டதை இந்திய விதி உரிமம் கேட்காமல் விட்டுவைத்திருக்கிறது. பிறந்தநாள் பரிசாக அதைக் கட்டிக்கொடுப்பவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் சட்டம் தம்மைப் பாராட்டியதாக அவர் எண்ணிக்கொண்டால் அது பேதைமை. உரிம விலக்கு என்பது நிர்வாக வசதிக்கான ஓர் எல்லைக்கோடு. கண்விழியின் வலிமையை அளந்து போடப்பட்ட கோடு அன்று அது.

துப்பாக்கிப் பண்பாட்டுக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், நொடிக்கு 350 அடிக்கு மேற்பட்ட வேகமுடைய காற்றுத் துப்பாக்கிகளை 16 வயதுக்கு உட்பட்டோர் கையாளக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. 350 அடி என்பது 107 மீட்டர்தான். மேலே சொன்ன போட்டித் துப்பாக்கியே அதைத் தாண்டிவிடும். ஸ்காட்லாந்தில் 2005இல் கிளாஸ்கோ நகரத்தில் இரண்டு வயதுக் குழந்தை காற்றுத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானது. நெடிய வாதங்களுக்குப் பின் 2015இல் சட்டம் வந்தது. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் கட்டாயம். சாலைக்காரர்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 28 அன்று, கடைத்தெருவிலிருந்து சிறிது தொலைவே உள்ள வஞ்சியூரில், கூரியர் கொண்டுவந்தவர் போல வாசலில் நின்ற ஒருவர் ஒரு பெண்ணைச் சுட்டுக் கையில் காயப்படுத்தினார். அது காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கி என்று செய்திகள் வந்தன. அன்று ஊர் முழுவதும் அதைத் துப்பாக்கிச் சூடு என்றே அழைத்தது. பொம்மைத் துப்பாக்கி என்று யாரும் அழைக்கவில்லை.

இதைச் சொன்னால் பண்பாட்டுக் காவலர்கள் கிளம்புகிறார்கள். ‘நம் முன்னோர் சிறு வயதிலேயே ஆயுதம் பழக்கினார்கள், சாலை என்ற பெயரே அதற்குச் சான்று’ என்பது அவர்களுடைய வாதம். கடைத்தெருவை அடுத்த வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. இராசராசனின் மெய்க்கீர்த்தி பேசும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பார் பலர். ‘தென்னகத்தின் நாளந்தா’ என்று பட்டம் சூட்டி, அங்கே பிள்ளைகளுக்கு வில்லும் வாளும் கற்பிக்கப்பட்டதாகப் படம் வரைந்து பரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. காந்தளூரில் இராசராசன் ‘கலமறுத்த’ செய்தியிலுள்ள கலம் கப்பலா உண்கலமா என்பதே நூறாண்டு வழக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதை உணவுச்சாலையோடு தொடர்புபடுத்தி எழுதினார், எம். ஜி. எஸ். நாராயணன் வேதக் கல்வியோடு படைப்பயிற்சியும் நிகழ்ந்த பிராமண நிறுவனமாகக் கண்டார். தீராத வழக்கிலிருந்து பிறந்தநாள் பரிசுக்கு நியாயம் தேடுவது துணிச்சலான ஆய்வுமுறைதான்!

சாலைகளுக்குள் நடந்தது என்ன என்பதற்கு ஊகத்தைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில், பொதுவாக 866 எனக் கணிக்கப்படும் ஆண்டில், இன்றைய குமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் அமைத்து வெளியிட்ட செப்பேடு அது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் து. அ. கோபிநாத ராவ் பதிப்பித்தது. காந்தளூரின் நெறியைப் பின்பற்றி 95 சட்டர்க்கு அச்சாலை அமைந்தது. 45, 36, 14 என மூன்று வேதப் பிரிவினருக்கு இடங்கள் பகுக்கப்பட்டன. சேர வருபவர் முன்பே இலக்கணமும் சடங்கு முறையும் அரசு நடைமுறையும் அறிந்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இடம் அன்று அது என்பதற்கு இதுவே போதும். அதைவிட முக்கியமானது செப்பேடு விதிக்கும் ஒழுங்கு. சட்டர்கள் ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், அடித்தால் தண்டம். சாலையின் கூட்டத்துக்கு ஆயுதத்துடன் வரலாகாது. ஆயுதம் ஏந்தத் தெரிந்தவர்கள் கூடி வாழ்ந்த இடம் என்பதாலேயே, ஆயுதம் எங்கே வரக் கூடாது என்பதை எழுதி வைத்தார்கள். முன்னோரைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்தச் சாலைகள் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்புவதில்லை என்பது வேறு கதை.

செப்பேடு பழையது என்றால், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கலாம். சாலையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்துபோனால் 1956இல் நிறுவப்பட்ட சி. வி. என். களரி இருக்கிறது. களரிப்பயிற்றை ஏறத்தாழ ஏழு வயதில் தொடங்குவது மரபு. அந்த ஏழு வயதுக் குழந்தையின் கையில் முதல் நாளில் யாரும் வாளைத் தருவதில்லை. முதலில் மெய்த்தாரி: உடலை வளைக்கவும் நிறுத்தவும் மூச்சை அடக்கவும் பழகுதல். பிறகு கோல்த்தாரி: மரக் கம்புகள். மூன்றாவதாகவே அங்கத்தாரி என்னும் உலோக ஆயுதங்கள். இடையில் ஆண்டுகள் கழியும். எப்போது அடுத்த படி என்பதை ஆசான் முடிவு செய்வார், தந்தையின் பணப்பை முடிவு செய்யாது. பயிற்சி முடிந்ததும் ஆயுதம் களரியிலேயே தங்கும். மரபை உண்மையாகவே பின்பற்ற நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்?

இன்னொரு வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. ஆகவே சற்று நயமானது. ‘சாலிம் அலியின் வாழ்க்கையே ஒரு காற்றுத் துப்பாக்கியில்தானே தொடங்கியது?’ உண்மைதான். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமா அமீருத்தீன் தையப்ஜி அச்சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலராக இருந்த மில்லார்டு அப்பறவையை இனங்கண்டு சொன்னதோடு, பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த அறிஞர் அந்த இழுப்பறைகளுக்கு முன்னால் பிறந்தவர். அக்காலத்தில் காற்றுத் துப்பாக்கியால் குருவி சுட்ட வசதியான வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் பறவையியலாளர் ஆகவில்லை. குருவிகள் செத்தன, அவ்வளவே. சாலிம் அலியைக் காட்டித் துப்பாக்கி வாங்குபவர், மில்லார்டு போன்ற ஒருவரையும் திறந்த அருங்காட்சியகத்தையும் எங்கே வாங்குவார்?

தவிரவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், பெரும்பாலான பறவைகளைச் சுடுவது குற்றம். சிறுவனுடைய துப்பாக்கியின் முதல் இலக்கு காகிதமாக இருக்கும் என்று நம்பும் தந்தை தம் இளமையை மறந்தவர். மாடியில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு எதிரே காகமும் புறாவும் அணிலும் இருக்கும்போது காகித வட்டம் எத்தனை நாள் சுவைக்கும்? அருணாசலப் பிரதேசத்தில் காற்றுத் துப்பாக்கிகளால் காடுகளில் பறவைகளின் குரல் அடங்கிவருவதைக் கண்டு, 2021 மார்ச்சில் அரசே அவற்றைத் திரும்ப ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. மக்கள் தாமாக முன்வந்து ஆயிரக்கணக்கில் ஒப்படைத்தார்கள். ஒரு மாநிலம் வீடு வீடாகத் திரும்ப வாங்கும் பொருளை மற்றோரிடத்தில் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

பாதுகாப்பு வாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் காசர்கோடு மாவட்டத்துப் பேக்கல் அருகே, தெருநாய்களிடமிருந்து காப்பதாகச் சொல்லி, மதரசாவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் காற்றுத் துப்பாக்கியுடன் நடந்த காணொளி கேரளம் முழுவதும் பரவியது. காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்தத் தந்தையின் அச்சம் உண்மையானது. நாய்க்கடி கேரளத்தில் கற்பனை அன்று. ஆனால் அவருக்குப் பின்னால் நடந்த பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? நகராட்சி செய்யத் தவறியதைத் தோளில் தொங்கும் குழாய் செய்துவிடும் என்பதைத்தான்.

எதிர்த்தரப்பினருக்கும் இங்கே ஆறுதல் இல்லை. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, குழந்தைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கூடாது என்று கையெழுத்து வாங்கும் ஆசிரியர்கள், மாலையில் தம் பிள்ளைகளைத் திருவிழாவுக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்கிறார்கள். அங்கே பலூன் சுடும் கடை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரும்பாலான குழந்தைகள் தொடும் முதல் காற்றுத் துப்பாக்கி அதுதான். முன்காட்சி வளைந்த, யார் யாரோ தொட்டுத் தேய்ந்த ஒரு துப்பாக்கி. பலகைக்கும் குழந்தைக்கும் இடையே சில அடி. கண்ணுக்கு மறைப்பு இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் கூட்டம். கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை, அவர் பிழைப்பு அது. தடை பேசும் அறவாதிகள் இந்தக் காட்சியை எப்படிக் காணாமல் கடந்து செல்கிறார்கள் என்பதுதான் வியப்பு. குழந்தைகள் சுடுகிறார்கள், மிக மோசமான சூழலில் சுடுகிறார்கள். அதற்கு மாற்றுத் தராத தடை, பலூன் கடைக்கே பிள்ளையை அனுப்பும்.

மாற்று இந்த நகரத்திலேயே இருக்கிறது. 2015இல் கேரளம் நடத்திய 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் அரங்கு கட்டப்பட்டது. கடைத்தெருவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும் தொலைவு. ஆனால் கரிமடம் குடியிருப்பிலோ செங்கல்சூளையிலோ வாழும் ஒரு சிறுமி அங்கே நுழைவது எவ்வளவு எளிது? போட்டித் தரத்து ரைஃபிள் ஒன்றின் விலை லட்சங்களில் இருக்கிறது. அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடும் அரங்கு இருந்தது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அவருடைய 2008 தங்கத்தை அது சிறிதும் குறைக்காது, ஆனால் இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் யார் வருகிறார்கள் என்பதை அது சொல்கிறது. ‘சொந்தமாக ஒன்று வாங்கு’ என்பது நுழைவுக் கட்டணமாக நிற்கும்வரை இது பணக்கார வீட்டு விளையாட்டே. இன்னொன்றும் உண்டு. அடுக்ககத்து மாடியில் காற்றுத் துப்பாக்கி ஏந்திய சிறுவன் குறும்புக்காரனாகப் பார்க்கப்படுவான். குடிசைப் பகுதியின் சந்தில் அதே துப்பாக்கியுடன் நிற்கும் சிறுவனைக் காவல் வண்டி எப்படிப் பார்க்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. துப்பாக்கி அரங்கின் சொத்தாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். இது இன்னொரு காரணம்.

இனி, தேர்வு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஈயக் குண்டே வேண்டாம். இந்திய ஆயுதச் சட்டம் 21 வயது நிரம்பாதவர் சுடுகலன் வைத்திருப்பதைத் தடுத்து, பயிற்சிக்காகப் பயன்படுத்தும் வயதை 12இலிருந்து தொடங்குகிறது. உரிமம் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிக்கும் அந்த வயதையே அளவாகக் கொள்வதில் யாருக்கும் இழப்பில்லை. ஜெர்மனியிலும் பெற்றோரின் எழுத்துமூல இசைவோடு அரங்கில் காற்றுத் துப்பாக்கி சுட வயது 12தான். அதற்கும் சிறிய குழந்தைகள் அங்கே ஒளிக்கற்றை ரைஃபிளால் பழகுகிறார்கள்: விசையை இழுத்தால் ஒளிப்புள்ளி இலக்கில் பதியும், குழாயிலிருந்து எதுவும் வெளியேறாது. களரியின் கோல்த்தாரிக்கு இதைவிடப் பொருத்தமான நவீன இணை இல்லை. நிற்பது, மூச்சு, காட்சிக் கோடு, விசை, சுட்ட பின்னும் அசையாதிருத்தல் ஆகிய ஐந்தும் இதிலேயே கற்கத்தக்கவை.

பன்னிரண்டைத் தாண்டியவருக்கு அரங்கு வாங்க வேண்டிய துப்பாக்கியைப் பற்றிச் சில சொல்லலாம். எடை முதன்மையானது. விதிகள் 5.5 கிலோ வரை இடம் தருகின்றன; பெரியவர்களின் போட்டி ரைஃபிள் அதை ஒட்டியே நிற்கும். மூன்று கிலோவை ஒட்டிய இளையோர் மாதிரியே சிறுவரின் முதுகெலும்புக்கு ஏற்றது. அதையும் முதலில் தாங்கியின் மேல் வைத்துச் சுடப் பழக்க வேண்டும். அடிக்கட்டையின் நீளம் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும்: கட்டையை முழங்கை மடிப்பில் பொருத்தினால் விரல் நுனி விசையைத் தொட வேண்டும். பெரியவர் கட்டையைச் சிறுவர் பிடித்தால் உடல் பின்னால் வளையும், அந்த வளைவு பிறகு பழக்கமாகிவிடும். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் குழாயை மடக்கி ஸ்பிரிங்கைப் பூட்டும் வகை. பூட்டுவதற்கு வளர்ந்தவரின் கைவலிமை வேண்டும். சிறுவர் முழங்காலில் அழுத்திப் பூட்டுகையில் குழாயின் வாய் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. பாதியில் விசை நழுவினால் குழாய் நிமிர்ந்து விரல்களை நசுக்கும். அழுத்தக் காற்று முன்பே அடைக்கப்பட்ட வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உருளையை நிரப்புவதற்குக் கருவியும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். வீடு அதற்கு இடமில்லை என்பதற்கு இன்னொரு சான்று.

ஆற்றல் 7.5 ஜூலைத் தாண்ட வேண்டியதில்லை. பத்து மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி. அதைத் தொடுவதற்கு வேகம் உதவாது, அசையாமை உதவும். ‘எவ்வளவு தூரம் போகும்’ என்று கேட்பவர் வேறு எதையோ சுட நினைக்கிறார். குண்டு தட்டைத் தலையுடையதாக இருக்கட்டும், அது காகிதத்தைச் சுத்தமாக வெட்டும். இரும்பு உருண்டைகளை அரங்குக்குள்ளேயே விடக் கூடாது, கடினப் பரப்பில் பட்டால் சுட்டவரின் முகத்துக்கே திரும்பிவரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குப் பகை என்பதால், குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொடவிடாத ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் கண்காப்பு வேண்டும். சுடாத நேரத்தில் குழாயறை வெறுமையாக இருப்பதைக் காட்டும் வண்ணக் கொடி அதில் செருகியிருக்க வேண்டும். போட்டி விதியும் அதைத்தான் சொல்கிறது.

மாநகராட்சிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் வட்டியூர்க்காவு அரங்கின் பொறுப்பாளர்களும் கலந்து பேசினால், வாரத்தில் இரண்டு மணி நேரத்தைச் சாலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது முடியாத காரியமில்லை. நான்கைந்து ஒளிக்கற்றை ரைஃபிள்கள், இரண்டு இளையோர் ரைஃபிள்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு பேருந்து. துப்பாக்கிகள் அரங்கின் பெட்டகத்தில் பூட்டியிருக்கட்டும். சாவி பயிற்சியாளரிடம் இருக்கட்டும். ஓட்டை விழுந்த காகித இலக்குகளைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.